ரயில் வராத ஊரிலிருந்து ரயில் டிக்கெட்

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது பூலாம்பாடி. இந்த ஊருக்கு ரயில் கிடையாது. மாவட்டத் தலைநகரான பெரம்பலூருக்கும் ரயில் கிடையாது. ரயில் ஏற வேண்டும் என்றால் பெரம்பலூர் வழியாக அரியலூருக்குப் போக வேண்டும். இல்லையென்றால் ஆத்தூர், சின்னசேலம் பக்கம் போக வேண்டும். முன்பெல்லாம் டிக்கெட் ரிசர்வ் செய்ய ஒரு முறை, பயணம் செய்ய ஒரு முறை என்று இரண்டு முறை பஸ் மாறிப் போக வேண்டியிருந்தது. ரிசர்வ் செய்யும் அன்றைக்கு ஒரு நாள் வேலை கெட்டுவிடும். வரிசையில் நின்று கவுண்டரை நெருங்கும்போது "வெயிட்டிங் லிஸ்ட்தான் இருக்கு" என்று பதில் வந்தால் அந்த அலைச்சலும் வீண்.

இன்று அந்தக் கவுண்டர் உங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது. இந்தியாவில் ரிசர்வ் செய்யப்படும் ரயில் டிக்கெட்டுகளில் பத்தில் எட்டுக்கும் மேல் இப்போது இன்டர்நெட் வழியாகவே பதிவாகின்றன. ஆனால் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் இரண்டு புகார்களை அடிக்கடி கேட்கலாம். ஒன்று, "பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை". இன்னொன்று, "டிக்கெட் எடுத்திருந்தும் ரயிலில் ஏறக் கூடாது என்கிறார்கள்".

இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் கம்ப்யூட்டர் கோளாறு அல்ல. திரைக்குப் பின்னால் அந்த சாப்ட்வேர் எப்படி வேலை செய்கிறது என்பது நமக்குத் தெரியாததுதான். அதைத் தெரிந்துகொள்வோம்.

நோட்டுப் புத்தகக் காலம்

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் ஒவ்வொரு ரயிலுக்கும், ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பதிவேடு இருந்தது. அதில் எழுத்தர் கையால் பெயர் எழுதுவார். ஒரு பதிவேடு ஒரே நேரத்தில் ஒரு மேஜையில்தான் இருக்க முடியும். அதனால் இந்த ரயிலுக்கு இந்தக் கவுண்டர், அந்த ரயிலுக்கு அந்தக் கவுண்டர் என்று பிரித்து வைத்திருந்தார்கள். திரும்பி வருவதற்கும் சேர்த்து டிக்கெட் வேண்டும் என்றால் அந்த ஊருக்குத் தந்தி கொடுத்து, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

இங்கே அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான். ஒரே பெர்த்தை இரண்டு பேருக்கு விற்றுவிடக் கூடாது. அதற்கு ஒவ்வொரு பெர்த்துக்கும் ஒரே ஒரு கணக்குதான் இருக்க வேண்டும். ஆனால் அந்த ஒரே கணக்கை எல்லா ஊரிலும் பார்க்கவும் முடிய வேண்டும். காகிதத்தில் இது நடக்காது. கம்ப்யூட்டரில் நடக்கும்.

தனித்தனித் தீவுகள் ஒன்றான கதை

பயணிகள் முன்பதிவுக்கான முதல் கம்ப்யூட்டர் அமைப்பு டெல்லியில் 1985ஆம் ஆண்டு சோதனையாகத் தொடங்கியது. இம்ப்ரஸ் என்ற அந்த சாப்ட்வேரை சி.எம்.சி. நிறுவனம் உருவாக்கியது. 1986ல் ரயில்வேயின் கம்ப்யூட்டர் பணிகளுக்கென்றே கிரிஸ் என்ற தனி அமைப்பு தொடங்கப்பட்டது. டெல்லியை அடுத்து மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய இடங்களிலும் முன்பதிவு மையங்கள் வந்தன.

வரிசை குறைந்தது. எந்தக் கவுண்டரில் நின்றாலும் அந்த மையத்தில் உள்ள எந்த ரயிலுக்கும் டிக்கெட் கிடைத்தது. ஆனால் ஐந்து மையங்களும் ஐந்து தீவுகளாக இருந்தன. சென்னை மையத்தின் கணக்கு டெல்லிக்குத் தெரியாது.

இந்தத் தீவுகளுக்குப் பாலம் கட்டியது கிரிஸ் எழுதிய கான்செர்ட் என்ற சாப்ட்வேர். 1994ல் செகந்திராபாத்தில் அறிமுகமாகி, 1999ல் ஐந்து மையங்களையும் இணைத்து முடித்தது. அதன் பிறகு, எந்த ஊர்க் கவுண்டரிலிருந்தும் எந்த ஊருக்கிடையே ஓடும் ரயிலுக்கும் டிக்கெட் வாங்க முடிந்தது. ரயில் நிலையமே இல்லாத ஊர்களில்கூட அஞ்சலகம் போன்ற இடங்களில் முன்பதிவுக் கவுண்டர் திறக்க முடிந்தது இதனால்தான்.

அதே 1999ல் ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் தொடங்கப்பட்டது. 2002 ஆகஸ்ட் 3 முதல் அதன் வெப்சைட்டில் டிக்கெட் வாங்கும் வசதி வந்தது. அப்போது டிக்கெட்டைப் பதிவு செய்தால் அச்சடித்த டிக்கெட் கூரியரில் வீட்டுக்கு வரும். 2005ல் நாமே பிரிண்ட் எடுத்துக்கொள்ளும் இ-டிக்கெட் வந்தது. 2012 முதல் மொபைலில் வந்த குறுஞ்செய்தியையே அடையாள அட்டையுடன் காட்டினால் போதும் என்றானது.

கவனியுங்கள். கவுண்டரும் ஐ.ஆர்.சி.டி.சி. வெப்சைட்டும் இரண்டு வேறு கடைகள் அல்ல. இரண்டும் ஒரே கிடங்குக்கான இரண்டு ஜன்னல்கள். கிடங்கு என்பது அந்த முன்பதிவு மையத்தின் டேட்டாபேஸ். பூலாம்பாடியில் மவுஸைப் பிடித்திருப்பவரும், எழும்பூர் கவுண்டரில் நிற்பவரும் ஒரே கிடங்கில்தான் கை நீட்டுகிறார்கள்.

ஒரு க்ளிக்குக்குப் பின்னால்

அம்மாவை சென்னைக்கு மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அரியலூரிலிருந்து சென்னை எழும்பூருக்கு ஒரு தேதியில் தேடுகிறீர்கள். 'அவைலபிள் 4' என்று திரை காட்டுகிறது. பெயர், வயது எல்லாம் டைப் செய்து, பணம் கட்டும் பக்கத்துக்குப் போகிறீர்கள். இதற்குள் மூன்று நிமிடம் ஆகிவிட்டது.

திரையில் நீங்கள் பார்த்த 4 என்பது ஒரு போட்டோ மாதிரி. அந்த நொடியில் இருந்த நிலவரம் அது. நீங்கள் டைப் செய்துகொண்டிருந்தபோது மற்ற ஊர்க்காரர்கள் அந்த நான்கையும் வாங்கியிருக்கலாம். பத்து இலக்க பி.என்.ஆர். எண் வரும் வரை அந்தப் பெர்த் உங்களுடையது அல்ல.

இன்னொரு விஷயம். இந்த வேலையில் இரண்டு தனித்தனிக் கம்ப்யூட்டர் அமைப்புகள் பேசிக்கொள்கின்றன. ஒன்று உங்கள் வங்கியுடையது, மற்றது ரயில்வேயுடையது. வங்கி பணத்தை எடுத்துக்கொடுத்துவிட்டு "எடுத்தாயிற்று" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டு ரயில்வே சர்வர் பெர்த்தைப் பதிவு செய்ய வேண்டும். நடுவில் இணைப்பு அறுந்தாலோ, அதற்குள் பெர்த் தீர்ந்துபோனாலோ, பணம் கணக்கிலிருந்து போயிருக்கும், பி.என்.ஆர். வந்திருக்காது. இதைப் பார்த்துப் பதற வேண்டாம். பதிவாகாத டிக்கெட்டுக்கான பணம் அதே கணக்குக்குத் திரும்பி வரும். சில வேலை நாட்கள் ஆகலாம்.

பதற்றத்தில் பலர் செய்யும் தவறு உடனே மறுபடி பணம் கட்டுவது. முதல் முறையே டிக்கெட் பதிவாகியிருந்து, திரைக்கு மட்டும் தகவல் வராமல் போயிருக்கலாம். அப்படியானால் இரண்டு டிக்கெட் ஆகிவிடும். ஒன்றைக் கேன்சல் செய்தால் பிடித்தம் உண்டு. எனவே முதலில் ஐ.ஆர்.சி.டி.சி.யில் உங்கள் கணக்குக்குள் சென்று, பதிவான டிக்கெட்டுகளின் பட்டியலைப் பாருங்கள். அங்கே இல்லை என்றால் மட்டும் மறுபடி முயலுங்கள். பணம் கட்டும்போது பிரவுசரின் பேக் பட்டனையோ ரெஃப்ரெஷ் பட்டனையோ தொட வேண்டாம்.

'அவைலபிள்' என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டியவருக்குக் கடைசியில் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் வருவதும் உண்டு. அதைத் தவிர்க்க, பெயர் டைப் செய்யும் பக்கத்தில் 'பெர்த் உறுதியானால் மட்டும் பதிவு செய்' என்ற பொருளில் ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் டிக் செய்துவிடுங்கள்.

வெயிட்டிங் லிஸ்ட் ஏன் பல வகை?

திருநெல்வேலியிலிருந்து திருச்சி, அரியலூர், விழுப்புரம் வழியாக எழும்பூர் போகும் ஒரு ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் திருநெல்வேலியிலிருந்து திருச்சி வரை ஒரு பெர்த் எடுத்திருக்கிறார். திருச்சிக்குப் பிறகு அந்தப் பெர்த் காலி. நோட்டுப் புத்தகத்தில் இப்படிப்பட்ட காலி இடங்களைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. சாப்ட்வேர் ஒரு பெர்த்தை நிலையத்துக்கு நிலையம் துண்டு துண்டாகக் கணக்கு வைத்திருப்பதால், திருச்சியிலிருந்து எழும்பூர் வரை இன்னொருவருக்குத் தந்துவிடும்.

அதே சமயம், நடுவில் ஏறுபவர்களே எல்லா பெர்த்தையும் எடுத்துக்கொண்டால் முழுத் தூரம் போகிறவர்களுக்கு இடம் இருக்காது. அதனால் மொத்த பெர்த்துகளைக் கோட்டாக்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கோட்டாவுக்கும் ஒரு தனி வரிசை உண்டு.

ஜி.என்.டபிள்யூ.எல். என்பது பொது வரிசை. பெரும்பாலும் ரயில் கிளம்பும் நிலையத்திலிருந்தோ அதற்கு அருகிலிருந்தோ நெடுந்தூரம் போகிறவர்களுக்கானது. உறுதியாகும் வாய்ப்பு இதில்தான் அதிகம். ஆர்.எல்.டபிள்யூ.எல். என்பது நடுவில் உள்ள சில முக்கிய நிலையங்களுக்கென ஒதுக்கிய சிறிய கோட்டாவின் வரிசை. பி.கியூ.டபிள்யூ.எல். என்பது இடைப்பட்ட பல நிலையங்கள் பங்கு போட்டுக்கொள்ளும் கோட்டாவின் வரிசை. கடைசி இரண்டிலும் பெர்த்துகள் குறைவு. அதனால் பொது வரிசையில் 20ஆம் எண்ணை விட, இவற்றில் 8ஆம் எண் மோசமாக இருக்கக்கூடும்.

அரியலூர் போன்ற இடைநிலையத்தில் ஏறுகிறவர்களுக்கு இது முக்கியம். எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், முன்னால் உள்ள எழுத்துகளையும் பாருங்கள். '25' என்றும் அடுத்து '8' என்றும் இரண்டு எண்கள் இருந்தால், முதலாவது பதிவு செய்தபோது கிடைத்த இடம். இரண்டாவதுதான் இப்போதைய இடம்.

ஆர்.ஏ.சி. என்று வந்தால் நீங்கள் ரயிலில் ஏறலாம். உட்கார இடம் உறுதி. பக்கவாட்டுக் கீழ் பெர்த்தை இருவர் பகிர்ந்துகொள்ள வேண்டும். யாராவது கேன்சல் செய்தால் முழு பெர்த் கிடைக்கும்.

சார்ட் தயாரான பிறகு

பலருக்குப் பயணமே கெட்டுப்போவது இங்கேதான். ரயில் புறப்படுவதற்கு முன் சாப்ட்வேர் பயணிகளின் இறுதிப் பட்டியலைத் தயாரிக்கும். இதைத்தான் சார்ட் என்கிறோம். முன்பு 4 மணி நேரத்துக்கு முன் தயாரான சார்ட், 2025ல் செய்த மாற்றத்தால் இப்போது இன்னும் பல மணி நேரம் முன்பே தயாராகிவிடுகிறது. கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி நிலையத்துக்கு வர வேண்டியவர்களுக்கு இது பெரிய உதவி. இடம் உண்டா இல்லையா என்பதை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துவிடலாம்.

இன்டர்நெட்டில் எடுத்த டிக்கெட்டில் உள்ள அனைவருமே சார்ட் தயாரான பிறகும் வெயிட்டிங் லிஸ்டில் இருந்தால், அந்த டிக்கெட்டை சாப்ட்வேர் தானாகவே கேன்சல் செய்துவிடும். பணம் வாங்கிய கணக்குக்கே திரும்பும். கையில் பிரிண்ட் இருந்தாலும் அது வெறும் காகிதம்தான். அதை வைத்து ரயிலில் ஏறினால் டிக்கெட் இல்லாத பயணியாகவே கருதி அபராதம் விதிப்பார்கள்.

கவுண்டரில் வாங்கிய வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் தானாகக் கேன்சல் ஆகாது. குறித்த நேரத்துக்குள் நீங்கள்தான் கேன்சல் செய்து பணம் பெற வேண்டும். அந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டும் ஸ்லீப்பர், ஏ.சி. பெட்டிகளில் பயணம் செய்ய அனுமதி இல்லை.

ஆகவே, பூலாம்பாடியில் பஸ் ஏறுவதற்கு முன் ஒரு முறை பி.என்.ஆர். நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள். இன்டர்நெட் இல்லாவிட்டால் 139க்குப் போன் செய்தாலும் சொல்வார்கள். வயதான பெற்றோருக்கு மகனோ மகளோ வெளியூரிலிருந்து டிக்கெட் எடுத்து அனுப்பும் வீடுகளில் இது இன்னும் அவசியம். ஏனென்றால் கேன்சல் ஆன தகவல் பெரும்பாலும் பதிவு செய்தவரின் மொபைலுக்குத்தான் போகும், நிலையத்தில் பையோடு நிற்பவருக்குப் போகாது.

தேதியில் ஒரு பொறி

2024 நவம்பர் 1 முதல், பயண நாளுக்கு 60 நாட்கள் முன்பிருந்துதான் ரிசர்வ் செய்யலாம். அதற்கு முன் 120 நாட்களாக இருந்தது. காலை 8 மணிக்குப் பதிவு தொடங்கும். தட்கல் டிக்கெட் முந்தைய நாள் ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணிக்கும், மற்றவற்றுக்கு 11 மணிக்கும் தொடங்கும்.

இந்த நாள் கணக்கு, நீங்கள் ஏறும் நிலையத்தை வைத்து அல்ல, ரயில் கிளம்பும் நிலையத்தை வைத்துப் போடப்படுகிறது. தெற்கேயிருந்து சனிக்கிழமை மாலை கிளம்பும் ரயில் அரியலூருக்கு நள்ளிரவு 1 மணிக்கு வருகிறது என்றால், உங்கள் பயணத் தேதி ஞாயிறு. ஆனால் தட்கல் திறப்பது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அதே போல, நள்ளிரவு 1 மணி ரயிலுக்கு சனிக்கிழமை தேதி போட்டு டிக்கெட் எடுத்துவிட்டு, சனிக்கிழமை இரவு நிலையத்துக்குப் போகிறவர்களும் உண்டு. அவர்கள் ரயில் முந்தைய இரவே போயிருக்கும்.

காலை 8 மணிக்கு ஏன் திணறுகிறது?

பொங்கலுக்கான டிக்கெட் திறக்கும் காலையில் வெப்சைட் சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் கம்ப்யூட்டர் பழுதல்ல. ஒரே நிமிடத்தில் லட்சக்கணக்கானோர் ஒரே வாசலில் நுழைகிறார்கள்.

2014ல் ஐ.ஆர்.சி.டி.சி. தன் டிக்கெட் அமைப்பைப் புதுப்பித்தபோது, நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்ற திறன் 7,200 ஆக உயர்ந்தது. 2025 ஜூனில் ரயில்வே அமைச்சகம் முன்பதிவு மையத்தையே புதிதாக மாற்றும் திட்டத்தை விளக்கியது. அப்போது நிமிடத்துக்குச் சுமார் 32,000 டிக்கெட் என்ற அளவை 1.5 லட்சத்துக்கு மேல் கொண்டுபோவதும், நிலவர விசாரணைகளை 4 லட்சத்திலிருந்து 40 லட்சத்துக்கு மேல் கொண்டுபோவதும் இலக்கு என்று அறிவித்தது. 2025 ஜூலை 1ல் ரயில்ஒன் என்ற மொபைல் ஆப் வந்தது. ரிசர்வ் டிக்கெட், சாதாரண டிக்கெட் இரண்டையும் அதில் எடுக்கலாம்.

வேகம் கூடினால் மட்டும் போதாது. மனிதர் ஒருவர் பெயரை டைப் செய்து முடிப்பதற்குள், தானாக நிரப்பும் திருட்டு சாப்ட்வேர் பத்து டிக்கெட் எடுத்துவிடும். இதைத் தடுக்க 2025 ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டுமே இன்டர்நெட்டில் தட்கல் என்றாக்கினார்கள். ஏஜென்ட்டுகளுக்கு முதல் 30 நிமிடம் தட்கல் கிடையாது. 2025 அக்டோபர் 1 முதல் சாதாரண ரிசர்வேஷன் திறக்கும் முதல் 15 நிமிடத்துக்கும் ஆதார் விதி வந்தது. சந்தேகத்துக்குரிய சுமார் 2.5 கோடி கணக்குகளை முடக்கியதாகவும் ரயில்வே தெரிவித்தது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. ஐ.ஆர்.சி.டி.சி.யில் உங்கள் பெயரிலேயே கணக்கு தொடங்கி, ஆதாரை இணைத்துவிடுங்கள். டிக்கெட் தேவைப்படும் காலையில் அல்ல, இன்றே. இணைத்தால் மாதம் 24 டிக்கெட் வரை எடுக்கலாம், இணைக்காவிட்டால் 12.

2. வெப்சைட் முகவரியை நீங்களே சரியாக டைப் செய்யுங்கள். தேடலில் முதலில் வருவதையோ, மெசேஜில் வந்த லிங்க்கையோ க்ளிக் செய்ய வேண்டாம். போலி வெப்சைட்டுகள் அச்சு அசலாக இருக்கும்.

3. "உங்கள் ரீஃபண்டைத் தருகிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். நீங்களே எடுத்த டிக்கெட்டுக்கு ரீஃபண்ட் வர ஓ.டி.பி. தேவையே இல்லை.

4. பிரவுசிங் சென்டரில் யாரோ ஒருவருடைய சொந்தக் கணக்கில் காசு கொடுத்து டிக்கெட் எடுக்காதீர்கள். அனுமதி இல்லாமல் டிக்கெட் விற்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி குற்றம். அந்த டிக்கெட் முடக்கப்பட்டால் பயணம் கெடுவது உங்களுக்கு. கேன்சல் செய்தாலும் பணம் அவர் கணக்குக்குத்தான் போகும்.

5. 'அதிவேக தட்கல் சாப்ட்வேர்' என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள். உங்கள் வங்கிப் பாஸ்வேர்டும் அதன் கைக்குப் போகும்.

6. அரியலூரில் இடம் இல்லை என்றால் ஆத்தூர், சின்னசேலம், திருச்சி ஆகியவற்றையும் தனித்தனியே தேடிப் பாருங்கள். பாதை வேறு, ரயில் வேறு, வரிசையும் வேறு.

7. டிக்கெட்டில் உள்ள ஏறும் நிலையத்திலேயே ஏறுங்கள். வேறு நிலையத்தில் ஏறுவதானால் சார்ட் தயாராகும் முன் வெப்சைட்டில் மாற்றிவிடுங்கள். ஆள் வரவில்லை என்று தெரிந்தால் பெர்த் அடுத்தவருக்குப் போய்விடும்.

வரிசை மறையவில்லை

எத்தனை புதிய சாப்ட்வேர் வந்தாலும், பழைய ரக ஸ்லீப்பர் பெட்டியில் 72 பெர்த்துகள்தான். புதிய எல்.எச்.பி. பெட்டியில் 80தான். எந்த சர்வராலும் 81ஆவது பெர்த்தை உண்டாக்க முடியாது. பொங்கலுக்கு ஊருக்கு வரும் எல்லோருக்கும் இடம் வேண்டும் என்றால், அதற்குக் கூடுதல் ரயில்தான் வழி.

சாப்ட்வேர் செய்திருப்பது வேறு. அந்த வரிசை முன்பு அரியலூர் நிலையத்தில் இருந்தது, பஸ் காசும் ஒரு நாள் வேலையும் செலவழித்தவர்தான் அதில் நிற்க முடிந்தது. இப்போது பூலாம்பாடிக்காரரும் எழும்பூர்க்காரரும் ஒரே வரிசையில், ஒரே நொடியில் நிற்கலாம். அந்த வரிசை எப்படி நகர்கிறது என்று தெரிந்தவர் ஏமாற மாட்டார்.

இந்த மாதமே ஒரு முறை உட்கார்ந்து, பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பழகிப் பாருங்கள். கட்டாமல் வெளியே வந்துவிட்டால் செலவு எதுவும் இல்லை. பண்டிகைக் காலை 8 மணிக்கு அந்தப் பழக்கம் கை கொடுக்கும்.